ஆல்பத்தில் எது சிங்கிள் என்று யார் சொல்வது?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பிடித்த பாடகியின் ஆல்பத்திலிருந்து நான்கு சிங்கிள், அதாவது தனியாக முன்னிறுத்தி வெளியிடப்படும் பாட்டு, வந்ததாக ஒரு ரசிகர் பட்டியல் சொல்கிறது, இன்னொரு பட்டியல் ஆறு என்கிறது. சண்டை இரண்டு பாடல்களைப் பற்றியது. ஒன்று, ஆல்பத்துக்கு இரண்டு வாரம் முன்னால் லிரிக் வீடியோவோடு ஸ்ட்ரீமிங்கில் தனியாக வந்தது. மற்றொன்று ஆல்பத்தோடு சேர்ந்து வந்து, அந்த வாரமே சார்ட்டில், அதாவது பிரபலப் பாடல்களின் வாரப் பட்டியலில், ஏறி, சில மாதம் கழித்து ஒரு வீடியோவும் பெற்றது. "இவை அதிகாரபூர்வ சிங்கிள்தானா, அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க எண்ணிக்கைக் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் நான்கா ஆறா என்பது தானாக வந்துவிடும். எந்தச் சாட்சியை நம்புவது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

நான் முதலில் ஒரு ரேடியோ நிலையத்தின் இசை நூலகத்திலும், பிறகு பல வருடம் ஒரு விநியோக நிறுவனத்தில் பாடல் தரவுகளைச் சரிபார்க்கும் பிரிவிலும் வேலை பார்த்தவன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம்: சிங்கிள்களுக்கென்று உலகத்தில் எங்கும் ஒரு பதிவேடு கிடையாது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து எண் உண்டு. கடையில் விற்கும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு பார்கோடு எண் உண்டு. இவற்றில் எதிலும் "இது அதிகாரபூர்வ சிங்கிள்" என்று டிக் போடும் கட்டம் இல்லை. ஒரே ஒலிப்பதிவு தனியாக வந்தாலும் ஆல்பத்துக்குள் வந்தாலும் அதே ஐஎஸ்ஆர்சி எண்தான். அதனால் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

பதிவேடு இல்லாவிட்டாலும், முடிவு ஒன்று எடுக்கப்படுகிறது. அதை எடுப்பது இசை நிறுவனமும் கலைஞரின் மேலாளர் தரப்பும். ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைப் பிரித்தெடுத்து, "இந்தத் தேதியிலிருந்து இந்த நாட்டில் இதை விளம்பரப்படுத்தித் தள்ளப் போகிறோம், நீங்கள் இதைப் போடுங்கள்" என்று வெளியே இருக்கிற யாரிடமாவது கேட்கிறார்களே, அந்தக் காரியத்தைத்தான் சிங்கிள் வெளியிடுவது என்கிறோம். கேட்கப்படுபவர் கடைக்காரராக இருக்கலாம், ரேடியோக்காரராக இருக்கலாம். பாட்டு எவ்வளவு நன்றாக இருக்கிறது, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் காரியத்தின் விளைவு. சில சமயம் அந்தக் காரியம் நடக்காமலேயே வருகிற விளைவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ரசிகர் பட்டியல்கள் முக்கால்வாசி தப்பாகின்றன.

பழைய காலத்தில் இந்தக் குழப்பம் குறைவு. ஆர்சிஏ விக்டர் 1949-ல் நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் ஏழு அங்குலத் தட்டை அறிமுகப்படுத்திய பிறகு, சிங்கிள் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளாகிவிட்டது. அதற்குத் தனி அட்டவணை எண், தனி விலை, ஏ-சைடு என்ற முன்பக்கம், பி-சைடு என்ற பின்பக்கம் எல்லாம் உண்டு. ஏ-சைடில் இருப்பதுதான் சிங்கிள். அப்போதும் விளிம்பில் சில தகராறுகள் இருந்தன. குளோரியா கேனரின் 'ஐ வில் சர்வைவ்' 1978-ல் 'சப்ஸ்டிட்யூட்' என்ற பாட்டின் பி-சைடாகத்தான் வந்தது. டிஸ்கோ டிஜேக்கள் தட்டைத் திருப்பிப் போட்டுப் போட்டு அதைப் பெரிதாக்கினார்கள். மடோனாவின் 'இன்டு த குரூவ்' 1985-ல் பிரிட்டனில் முழு சிங்கிளாக வந்து அங்கே அவருடைய முதல் நம்பர் ஒன் ஆனது. அமெரிக்காவில் அதே பாட்டு 'ஏஞ்சல்' தட்டின் பின்பக்கத்தில் இருந்ததால், பில்போர்டு இதழின் முக்கியப் பாடல் பட்டியலான ஹாட் 100-க்கே தகுதி பெறவில்லை. பாட்டு ஒன்று, வருடம் ஒன்று, கடலுக்கு இரண்டு பக்கமும் விடை வேறு.

லெட் செப்பலினின் 'ஸ்டெர்வே டு ஹெவன்' இன்னொரு மாதிரி. 1971-ல் வந்த அந்தப் பாட்டை சிங்கிளாக விற்க நிறுவனம் விரும்பியது, குழுவின் தரப்பு மறுத்துவிட்டது. வேண்டுமென்றால் ஆல்பத்தை வாங்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் 1972-ல் ரேடியோ நிலையங்களுக்கு மட்டும் விற்பனைக்கல்லாத தட்டுகள் போயின. அதைக் கையில் வைத்திருப்பவர் "இதோ, சிங்கிள் இருக்கிறதே" என்பார். என்னைக் கேட்டால் அந்தக் காலத்து அளவுகோலில் அது சிங்கிள் அல்ல, விளம்பரப் பிரதி மட்டுமே. விற்பதா வேண்டாமா என்று வெளிப்படையாக ஒரு கேள்வி எழுந்து, வேண்டாம் என்று பதிலும் வந்துவிட்டது.

இந்த அளவுகோல் உடைந்தது 1990-களில். அமெரிக்க நிறுவனங்கள் ஒரு தந்திரத்தைக் கையாண்டன. ஒரு பாட்டை ரேடியோவில் முழு மூச்சாகத் தள்ளுவார்கள், வீடியோவும் போடுவார்கள், ஆனால் கடையில் சிங்கிளாக விற்க மாட்டார்கள். அந்த ஒரு பாட்டு வேண்டுமென்றால் முழு சிடி வாங்க வேண்டும்; லாபம் அதில்தான். பில்போர்டு ஹாட் 100 அப்போது கடையில் விற்கப்படும் சிங்கிள்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. அதனால் நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' ரேடியோ ஒலிபரப்புப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தும் ஹாட் 100-ல் ஒரு வாரம்கூட வரவில்லை. பிரிட்டனில் அது கடைக்கு வந்தது, 1997-ல் நம்பர் ஒன் ஆனது. நடாலி இம்ப்ரூலியாவின் 'டோர்ன்' ரேடியோவில் 11 வாரம் முதலிடம். 1998 டிசம்பரில் பில்போர்டு விதியை மாற்றி, ஒலிபரப்பை மட்டும் வைத்தும் பட்டியலில் நுழையலாம் என்ற பிறகு, சூடு ஆறிப்போன நிலையில் 42-ம் இடம். மரையா கேரியின் கிறிஸ்துமஸ் பாட்டும் 1994-ல் இதே காரணத்தால் அமெரிக்கப் பட்டியலுக்கு வெளியே நின்றது. 2019 டிசம்பரில்தான் அங்கே முதலிடத்துக்கு வந்தது.

'டோன்ட் ஸ்பீக்' அமெரிக்காவில் சிங்கிளா? ஆம் என்பேன், தயங்காமல். விற்றால்தான் சிங்கிள் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் அந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய பாடல்கள் சிலவற்றைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். நிறுவனம் தேதி குறித்து, ரேடியோவிடம் கேட்டு, வீடியோ எடுத்து, மாதக்கணக்கில் தள்ளியிருக்கிறது. 'ஸ்டெர்வே'க்கு ஒரு நியாயம் இதற்கு ஒரு நியாயமா என்று கேட்பீர்கள். 1972-ல் கடையில் விற்பதுதான் சிங்கிள் வெளியிடுவதன் மையம், ரேடியோ பிரதி அதற்கு உதவியாள். 1996-ல் ரேடியோவே மையமாகிவிட்டது. இந்த வித்தியாசத்தை ஏற்காதவர்கள் உண்டு. அவர்களோடு சண்டை போட என்னிடம் சட்டப் புத்தகம் எதுவும் இல்லை.

அடுத்த உடைப்பு 2003-ல். ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் கடையைத் திறந்து ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியதும், ஆல்பத்தில் உள்ள ஏறக்குறைய எல்லாப் பாட்டும் தனியாக வாங்கக் கிடைத்தது. "தனியாக விற்கிறார்கள்" என்ற சாட்சிக்கு அன்றோடு மதிப்புப் போய்விட்டது. பிரிட்டன் பட்டியல் கொஞ்ச காலம் தட்டு வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. க்னார்ல்ஸ் பார்க்லியின் 'க்ரேஸி' 2006-ல் தட்டு கடைக்கு வருமுன்பே பதிவிறக்கங்களால் மட்டும் நம்பர் ஒன் ஆனது. 2007 ஜனவரியிலிருந்து தட்டே தேவையில்லை என்று விதி மாறியது. அப்புறம் ஸ்ட்ரீமிங் வந்தது. இப்போது ஒரு பெரிய ஆல்பம் வெளியாகும் வாரத்தில் அதன் பாடல்கள் எல்லாமே சார்ட்டுக்குள் கொட்டுகின்றன.

இதற்குச் சில உதாரணங்களை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வாக்குவாதத்தை முடித்துவிடலாம். எட் ஷீரனின் 'டிவைட்' ஆல்பம் 2017 மார்ச்சில் வந்தபோது அதன் 16 பாடல்கள் பிரிட்டனின் முதல் 20 இடங்களுக்குள் இருந்தன. அவை 16 சிங்கிள்கள் என்று யாரும் சொல்லவில்லை. பட்டியல் நடத்துபவர்களுக்கே அது சங்கடமாகி, அதே வருடம் ஜூலையிலிருந்து ஒரு முதன்மைக் கலைஞருக்கு மூன்று பாடல்கள் மட்டுமே என்று வரம்பு வைத்தார்கள். அமெரிக்காவில் அப்படி வரம்பு இல்லை. 2018-ல் டிரேக்கின் 'ஸ்கார்பியன்' ஆல்பத்தின் 25 பாடல்களும் ஹாட் 100-ல் ஒன்றாக நின்றன. 2022-ல் டெய்லர் ஸ்விஃப்ட் 'மிட்நைட்ஸ்' வந்த வாரம் முதல் பத்து இடங்களையும் ஒருவரே பிடித்தார். ஆக, "சார்ட்டில் வந்தது, அதனால் சிங்கிள்" என்ற வாதம் இன்று செல்லாது. 1985-ல் செல்லும். நீங்கள் பேசும் ஆல்பம் சமீபத்தியது என்பதால் உங்களுக்குச் செல்லாது.

வீடியோவும் அப்படித்தான். 2013 டிசம்பரில் பியான்சே முன்னறிவிப்பே இல்லாமல் தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பத்தில் 14 பாடல்கள், 17 வீடியோக்கள். எல்லாப் பாட்டுக்கும் வீடியோ இருந்தது. சிங்கிளாக எடுத்துத் தள்ளப்பட்டவை சில மட்டுமே. வீடியோ ஒரு நல்ல அறிகுறி. அதிலும் பெரிய செலவில் எடுத்து, நிறுவனம் ஆரவாரத்தோடு வெளியிடும் வீடியோ வலுவான அறிகுறி. ஆனால் அறிகுறி தீர்ப்பாகாது. லிரிக் வீடியோ அறிகுறியாகக்கூடத் தேறாது. இப்போதெல்லாம் ஆல்பத்தின் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுத்து ஓடும் ஒரு காணொளியைச் செய்து ஒரே இரவில் ஏற்றிவிடுகிறார்கள்.

ஸ்ட்ரீமிங் செயலியில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் "சிங்கிள்" என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். அதைத்தான் ரசிகர்கள் அதிகம் நம்புகிறார்கள், அதுதான் மிகப் பலவீனமான சாட்சி. அந்தச் சொல் பெரும்பாலும் இயந்திரத்தனமாக ஒட்டப்படுவது. ஒரு வெளியீட்டில் ஒன்று முதல் மூன்று பாடல்கள் இருந்து, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் ஆப்பிள் அதை சிங்கிள் வகையில் போடும். நான்கு பாட்டு இருந்தால் ஈ.பி., அதாவது ஆல்பத்தைவிடச் சிறிய தொகுப்பு, ஆகிவிடும். நாங்கள் தரவு ஏற்றும்போது அந்தப் பாட்டுக்கு விளம்பரத் திட்டம் இருக்கிறதா என்று யாரும் எங்களிடம் கேட்டதில்லை. எண்ணிக்கையும் நீளமும்தான் கணக்கு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. புதிய சிங்கிளை ஏற்றும்போது பழைய சிங்கிள்களையும் அதே வெளியீட்டுக்குள் அடுக்கி அனுப்புவார்கள். பழைய பாட்டுக்கும் புதிதாகக் கேட்பவர்கள் கிடைக்கட்டும் என்பதற்காக. அதைப் பார்த்துவிட்டு "பாருங்கள், மூன்று பாட்டும் புது சிங்கிள்" என்று எண்ணத் தொடங்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும். செயலியில் தனியாக இருக்கிறது என்பதிலிருந்து அது தனி வெளியீடாக அனுப்பப்பட்டது என்பது வரை மட்டுமே நிரூபணமாகும்.

சரி, எதைத்தான் நம்புவது? ஆங்கிலப் பாப் உலகத்தில் இன்றும் வலுவான சாட்சி ரேடியோதான். ஸ்ட்ரீமிங் காலத்தில் ரேடியோவா என்று சிரிக்காதீர்கள். ஸ்ட்ரீமிங்கில் எல்லாப் பாட்டும் ஒரே நாளில் கிடைத்துவிடுகிறது. எதையும் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமில்லை. ரேடியோவில் கட்டாயம் உண்டு. நிலையம் ஒரு கலைஞரிடமிருந்து ஒரு நேரத்தில் ஒரு பாட்டை, மிஞ்சினால் இரண்டை, தன் சுழற்சியில் எடுக்கும். அதனால் நிறுவனம் ஒன்றைத் தேர்ந்து, தேதி போட்டு அனுப்பித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் இதற்கு வாரத்தில் ஒரு நாள் உண்டு, வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் எந்தெந்தப் பாட்டைச் சேர்க்கச் சொல்லி எந்த நிறுவனம் கேட்கிறது என்று தொழில் இதழ்கள் பட்டியல் போடும். அந்தப் பட்டியலில் பாட்டின் பெயரும் தேதியும் இருந்தால், எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதில் ஒரு கவனம் தேவை. நிலையம் தானாக ஒரு ஆல்பம் பாட்டைப் போட்டுவிடலாம், அதில் நிறுவனத்தின் கை இருக்காது. ஆல்பம் வந்த முதல் வாரத்தில் டிஜேக்கள் தங்களுக்குப் பிடித்ததையெல்லாம் போடுவார்கள். "நான் ரேடியோவில் கேட்டேன்" என்பது சாட்சியில்லை. அனுப்பினார்களா என்பதுதான் கேள்வி. அனுப்பினால் எந்த வகை ரேடியோவுக்கு என்பதும் முக்கியம். டெய்லர் ஸ்விஃப்ட் 2020-ல் 'ஃபோக்லோர்' வெளியிட்டபோது 'கார்டிகன்' பாப் நிலையங்களுக்கும், 'எக்ஸைல்' முதிர்ந்த ரசனைக்கான மாற்று இசை நிலையங்களுக்கும், 'பெட்டி' கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசை நிலையங்களுக்கும் போயின. மூன்றும் சிங்கிள்தான். ஆனால் கன்ட்ரி ரேடியோவே கேட்காத ஒருவருக்கு 'பெட்டி' வெறும் ஆல்பம் பாட்டாகத் தெரிந்திருக்கும். அவர் சொல்வதும் அவரளவில் பொய்யில்லை.

இனி உங்கள் முதல் பாட்டுக்கு நெருக்கமான, உண்மையிலேயே சிக்கலான இடம்: ஆல்பத்துக்கு முன்னால் விடப்படும் பாடல்கள். ஐட்யூன்ஸ் காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. ஆல்பத்துக்கு முன்பதிவு செய்தவர்களுக்கு ஒரு பாட்டு உடனே கிடைக்கும், அல்லது வெளியீட்டுக்கு முன் வாரம் ஒன்றாக விடுவார்கள். இவற்றை ப்ரமோஷனல் சிங்கிள் என்கிறோம். ஆல்பத்தின் மீது கவனத்தை வைத்திருப்பது மட்டுமே அவற்றின் வேலை, அந்தப் பாட்டையே பெரிய ஹிட்டாக்கும் திட்டம் கிடையாது. 2019-ல் டெய்லர் ஸ்விஃப்டின் 'லவர்' ஆல்பத்துக்கு முன்னால் வந்த 'த ஆர்ச்சர்' இதற்குத் தெளிவான உதாரணம். தனியாக வந்தது, ஹாட் 100-லும் நுழைந்தது. ஆனால் இது சிங்கிள் இல்லை, ரசிகர்கள் ஆல்பத்தின் இன்னொரு முகத்தைக் கேட்கட்டும் என்று விடுகிறோம் என்கிற பொருளில் பாடகியே நேரலையில் சொல்லிவிட்டார். ஷீரனின் 'டிவைட்'டுக்கும் அப்படித்தான்: 2017 ஜனவரியில் இரண்டு பாடல்கள் ஒரே நாளில் சிங்கிளாக வந்தன, பிப்ரவரியில் 'ஹவ் வுட் யூ ஃபீல்' ஆல்பத்துக்கு முன்சுவையாக வந்தது. முதல் இரண்டுக்கும் பின்னால் இருந்த ரேடியோ உழைப்பு மூன்றாவதற்கு இல்லை.

எல்லாரும் இப்படித் தெளிவாகச் சொல்லிவிட்டால் எனக்கும் வேலை மிச்சம். நிறைய பேர் சொல்வதில்லை, வேண்டுமென்றே. ஒரு பாட்டை விட்டுப் பார்ப்பார்கள். பிடித்துக்கொண்டால் ரேடியோவுக்கு அனுப்பி சிங்கிள் என்பார்கள், விழுந்துவிட்டால் அது வெறும் முன்னோட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். தோல்வியைக் கணக்கில் வராமல் செய்ய இது வசதியான வழி. அறிவிப்புகளில் "புதிய பாட்டு" என்று மட்டும் போட்டு "சிங்கிள்" என்ற சொல்லைத் தவிர்த்திருந்தால் நான் இதைத்தான் சந்தேகிப்பேன்.

நேரம் இன்னொரு சிக்கல். 'லவர்' ஆல்பத்திலேயே 'க்ரூயல் சம்மர்' என்ற பாட்டு 2019-லிருந்து நான்கு வருடம் ஆல்பம் பாட்டாகவே இருந்தது. சிங்கிளாக்கும் எண்ணம் இருந்தது, 2020-ன் பெருந்தொற்று அதைக் கெடுத்தது என்று பிற்பாடு பாடகியே மேடையில் சொன்னார். 2023 ஜூனில் அது பாப் ரேடியோவுக்குப் போனது, அக்டோபரில் ஹாட் 100-ல் முதலிடம். 2022-ல் யாராவது "க்ரூயல் சம்மர் சிங்கிள் இல்லை" என்று எழுதியிருந்தால் அது அன்று சரி. அதே வாக்கியம் இன்று தவறு. எனவே தேதி இல்லாத சிங்கிள் பட்டியலை நான் நம்புவதில்லை.

நாடு வாரியாகவும் விடை மாறும். பீட்டில்ஸின் 'யெஸ்டர்டே' 1965-ல் அமெரிக்காவில் சிங்கிளாக வந்து முதலிடம் பிடித்தது. அவர்களுடைய சொந்த நாட்டில் அது சிங்கிளானது 1976-ல், குழு பிரிந்து பல வருடம் ஆன பிறகு. லெட் செப்பலினின் 'ஹோல் லொட்டா லவ்' அமெரிக்காவில் 1969-ல், பிரிட்டனில் 1997-ல். இன்றைக்கும் இத்தாலியின் ரேடியோ வெளியீட்டுத் தேதிகளில், அமெரிக்க நிறுவனம் தொடவே தொடாத ஆல்பம் பாடல்கள் சில சமயம் இருக்கும். அது இத்தாலிய சிங்கிள், அவ்வளவுதான். கொரிய பாப் உலகத்தில் ஆல்பத்தோடு சேர்த்தே ஒரு பாட்டை 'டைட்டில் ட்ராக்' என்று அறிவித்துவிடுகிறார்கள், ஆல்பத்தின் பெயரும் அந்தப் பாட்டின் பெயரும் வேறாக இருந்தாலும். அங்கே ரேடியோ தேதியைத் தேடுவது வீண். என் பழக்கமெல்லாம் அமெரிக்க, பிரிட்டன் சந்தைகளில்தான். நான் மேலே சொன்ன அளவுகோலை மற்ற சந்தைகள் மீது அப்படியே வைத்துவிடாதீர்கள்.

சாட்சிகளை எடை போடும்போது நான் முதலில் தேடுவது நிறுவனத்தின் செய்திக் குறிப்பையும் ரேடியோ அனுப்பு தேதியையும். கலைஞர் வாயால் சொன்னது அதற்கு அடுத்து. கலைஞர்களுக்கும் சில சமயம் சொல் தளர்ந்துவிடும், தனக்குப் பிடித்த பாட்டையெல்லாம் "என் அடுத்த சிங்கிள்" என்று பேட்டியில் சொல்லிவிட்டு மறந்துபோனவர்கள் உண்டு. பத்திரிகைச் செய்தியை இன்னும் தாழ்வாகவே வைப்பேன், காரணம் செய்தியாளர்கள் தனியாக வந்த எதையும் சிங்கிள் என்று எழுதிவிடுவார்கள். விற்பனை அளவுக்குத் தரும் பிளாட்டினம் சான்றிதழைக் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். அமெரிக்காவில் 150 ஸ்ட்ரீம் ஒரு விற்பனைக்குச் சமம், அப்படிப் பத்து லட்சம் விற்பனை சேர்ந்தால் பிளாட்டினம். ஆல்பத்தின் ஏழாவது பாட்டுக்கும் அது கிடைக்கும். விக்கிப்பீடியா நல்ல தொடக்கம், ஆனால் அடிக்குறிப்பைத் திறந்து பாருங்கள். ஒரு ரசிகர் விக்கிப்பீடியாவில் போட்டதைச் செய்தித்தளம் எடுத்து எழுதும், பிறகு அந்தச் செய்தியே விக்கிப்பீடியாவுக்கு ஆதாரமாக வந்து உட்காரும். இந்த வட்டத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பழைய ரேடியோ சாட்சிகளைத் தேடுவது வர வரக் கடினமாகிறது. 'ரேடியோ அண்ட் ரெக்கார்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொழில் இதழ் 2009-ல் நின்றது. அதன் பழைய பிரதிகள் பல ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றப்பட்டிருப்பதால் 1970-களிலிருந்து பக்கம் புரட்டிப் பார்க்கலாம். அதற்குப் பிறகான காலத்துக்கு நாங்களெல்லாம் நம்பியிருந்த 'ஆல் ஆக்ஸஸ்' தளம் 2023-ல் மூடப்பட்டது, இப்போது இணையக் காப்பகத்தில் தோண்ட வேண்டும். அங்கே ஒரு பாட்டின் பெயர் கிடைக்கவில்லை என்றால் அது அனுப்பப்படவில்லை என்று ஆகிவிடாது. அந்த வாரத்தின் பக்கம் சேமிக்கப்படாமல் போயிருக்கலாம்.

இன்னும் தீராத சில வகைகள் உண்டு. ஆல்பத்தில் இருக்கும் பாட்டு ஒன்று, சிங்கிளாக வந்தது அதன் ரீமிக்ஸ் என்றால்? துவா லிப்பாவின் 'லெவிடேட்டிங்' 2020-ல் வேறொருவர் குரலும் சேர்ந்த வடிவத்தில் சிங்கிளானது. நான் அதை அந்த ஆல்பத்தின் கணக்கில் வைப்பேன், வைக்காதவர்களும் நியாயமாகவே பேசுகிறார்கள். ஆல்பத்தை மறுபடி புதுப்பாடல்களோடு வெளியிட்டால் அந்தப் புதுப்பாடல் எந்தக் கணக்கு? கேட்டி பெர்ரியின் 'டீனேஜ் ட்ரீம்' ஐந்து நம்பர் ஒன் பாடல்களோடு மைக்கேல் ஜாக்சனின் 'பேட்' ஆல்பத்தின் சாதனையைச் சமன் செய்தது. மறுவெளியீட்டில் சேர்த்த 'பார்ட் ஆஃப் மீ'யும் 2012-ல் முதலிடம் வந்தது, ஆனாலும் கணக்கு ஐந்திலேயே நிற்கிறது. அசல் ஆல்பத்தில் இருந்தவை மட்டும் என்பது இங்கே எடுக்கப்பட்ட முடிவு. ரேடியோவே இல்லாமல் முழுக்க இணையத்தில் வாழும் தனிக் கலைஞர்களுக்கு வந்தால் என் முழு அளவுகோலும் நொண்டும். அவர்கள் விஷயத்தில் அவர்கள் வைத்த பெயரை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை.

உங்கள் இரண்டு பாடல்களுக்கு வருவோம். முதலாவது, நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால், ப்ரமோஷனல் சிங்கிள். லிரிக் வீடியோவும் தனி வெளியீடும் அதற்கு மேலே கொண்டுபோகாது. அதை நான்கோடு சேர்க்காமல், பட்டியலில் தனி வரியில் போடுங்கள். இரண்டாவதுக்கு நான் சாய்வது சிங்கிள் பக்கம். சார்ட்டில் ஏறியதால் அல்ல. முதல் வாரத்தில் எல்லாமே ஏறும். ஆல்பத்தின் பரபரப்பு அடங்கி மாதங்கள் கழித்து ஒரு பாட்டுக்காகப் பணம் செலவழித்து வீடியோ எடுத்திருக்கிறார்கள் என்றால் பின்னால் ஒரு திட்டம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், உறுதி இல்லை. வீடியோ வந்த தேதிக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு வாரங்களுக்கு ரேடியோ அனுப்புப் பட்டியல்களைப் பாருங்கள். அமெரிக்கா, பிரிட்டன், இத்தாலி மூன்றையும் பாருங்கள். பெயர் கிடைத்தால் நாட்டையும் தேதியையும் போட்டு ஐந்தாவதாக எழுதுங்கள். கிடைக்காவிட்டால் "வீடியோ வெளியானது" என்று மட்டும் எழுதி நான்கிலேயே நிறுத்துங்கள்.